கறி விருந்தன்று உன் மனைவி கையால் கொடுத்த பை

கண்ணு,

இதை ஓர் உறையில் போட்டு ஓசூருக்கு அனுப்பியிருந்தால் உனக்கும் எனக்கும் நடுவில் முடிந்திருக்கும். ஊர் பார்க்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டுக் கறி விருந்தில் உன் மனைவி தாம்பூலப் பை கொடுக்கும் வீடியோ ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வரை எல்லார் போனிலும் சுற்றிவிட்டது. ‘ஓட்டுக்குக் காசு கொடுத்த டீச்சர்’ என்று அதற்குத் தலைப்பு வேறு போட்டிருக்கிறார்கள். அவள் பெயர் ஊரறியக் கெட்டிருக்கும்போது, கெடுத்தவள் மட்டும் உறைக்குள் ஒளிந்துகொண்டு மன்னிப்புக் கேட்பது எனக்கே நன்றாகப்படவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீ மட்டும் கடைசி வரை படி.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் போனில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். “அம்மா, பையில காசு இருந்தது கௌசல்யாவுக்குத் தெரியுமா?” நான், “தெரிஞ்சுதான் சாமி குடுத்தா” என்றேன். அது பொய். அவளுக்கு எதுவுமே தெரியாது. அதன்பிறகு நீயும் அவளும் பேசிக்கொள்ளவில்லை, அவள் வெண்ணந்தூரில் தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதையெல்லாம் சம்பந்தியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வருகிற திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் உங்கள் இரண்டு பேரையும் விசாரிக்கப் போகிறார்கள். “எங்க சொந்தக் காசுங்க, குடும்ப வழக்கமுங்க” என்று சொல்லச் சொன்னேனே, அதைச் சொல்லாதே. அரசுப் பள்ளி ஆசிரியை, தேர்தல் வேலை பார்க்க வேண்டியவள், அந்த ஒரு வார்த்தையில் அவள் வேலை போய்விடும். நான் சொன்ன பொய்யில் அவளுக்குப் புருஷனும் இல்லாமல் போகப் பார்க்கிறது. கல்யாணம் முடிந்து மஞ்சள் வாசனைகூடப் போகவில்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் அப்பா இருந்த காலத்திலும் தேர்தல் நிதி கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள். மரவள்ளியில் ஜவ்வரிசி எடுக்கும் சேகோ பேக்டரி வைத்திருப்பவன் என்றால் எல்லாக் கட்சிக்காரர்கள் கண்ணிலும் படுவான். அவர் இல்லையென்று சொல்லமாட்டார். கொடுத்துவிட்டு ரசீது கேட்பார். “ஏனுங்க, நம்மளுக்குள்ள எதுக்குங்க ரசீது?” என்று வந்தவர்கள் சிரிப்பார்கள். “ஒரு லோடு குச்சிக்கெழங்கு வந்தாலே நானு சீட்டு எழுதி வாங்கறேன். இது நாட்ட ஆளுற காரியமுங்களே” என்பார் இவர். ரசீது கொடுத்தால்தான் அடுத்த தேர்தலுக்கும் உண்டு என்று ஒரு பிடிவாதம். எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரியும். வந்தவர்களை வாசலிலேயே அவமானப்படுத்துகிறாரே என்று உள்ளே போய் முணுமுணுப்பேன். நீயும் என்னோடு சேர்ந்து அவரைக் கேலி செய்திருக்கிறாய். அந்தப் பிடிவாதத்தின் மதிப்பு தெரிய எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

நீ காலேஜில் இருக்கும்போது அவர் போனார். பேக்டரியை விற்றுவிடச் சொன்னவர்கள் நிறைய. நான் விற்கவில்லை. கிழங்கு விலை பேசக் கற்றுக்கொண்டேன், மெஷின் பெல்ட் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கற்றுக்கொண்டேன். ஆனால் வெளியே ஒரு கல்யாணத்துக்குப் போனால் பின்வரிசை நாற்காலிதான். மணமேடைப் பக்கம் யாரும் கூப்பிடமாட்டார்கள். நானும் எதற்கு என்று ஒதுங்கியே நிற்பேன். அப்படி இருக்கும்போது, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு விழாவில் எம்.எல்.ஏ. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, “அக்கா, நீங்க வெளக்கு ஏத்துங்க” என்றார். “நானுங்களா?” என்று கேட்டேன். “நீங்கதானுங்க்கா. ஒத்தப் பொம்பளையா இத்தன குடும்பத்துக்குச் சோறு போடறீங்க, உங்களவிட வேற யாரு ஏத்தறது?” என்றார். கூட்டம் கைதட்டியது. தீக்குச்சி இரண்டு அணைந்தபிறகுதான் திரி பற்றியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதன்பிறகு அவர் எது கேட்டாலும் என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்கத் தோன்றவும் இல்லை.

கொஞ்ச நாளிலேயே பேக்டரிக் கழிவுத் தண்ணீருக்கு நோட்டீஸ் வந்தது. சுத்திகரிப்புத் தொட்டி பழுதாகிக் கிடந்ததும், தண்ணீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டதும் உண்மை. ஓடைக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் கீழ்காட்டுக்காரர், தன் கிணற்றுத் தண்ணீர் நுரைக்கிறது என்று இரண்டுமுறை வந்து சொன்னார். தொட்டியைச் சரிசெய்வதற்குப் பதிலாக நான் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன். ஒரு போன் போட்டார், நோட்டீஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த வருடத் தேர்தலுக்குக் கொடுத்தேன். அடுத்து உள்ளாட்சித் தேர்தலுக்குக் கொடுத்தேன். மாநாட்டுக்கு, பிறந்தநாளுக்கு, நலத்திட்ட விழாவுக்கு என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூட ரசீது கேட்டதில்லை. கேட்டால் அவர் வாயிலிருந்து ‘அக்கா’ வராதோ என்று பயம். தொட்டிக்குச் செலவழிக்க வேண்டியதைத்தான் நன்கொடை என்ற பெயரில் கொடுத்திருக்கிறேன். கீழ்காட்டுக்காரர் இப்போது தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்.

உன் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். முகூர்த்தம் சைவச் சாப்பாட்டோடு நல்லபடியாக நடந்தது. கறி விருந்தைப் பங்காளிகளுக்கும் நம் ஆட்களுக்கும் மட்டும் சின்னதாகச் செய்வதாகத்தானே பேச்சு. அடுத்த நாளே எம்.எல்.ஏ.வின் ஆள் வந்தான். கட்சியில் ஒன்றியச் செயலாளர், ஊரில் எல்லாரும் ‘ஒன்றியம்’ என்றே கூப்பிடுவோமே, அவன்தான். “அக்கா, கறி விருந்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்க. ஓட்டுக்கு முந்துன வாரம் வெச்சுப்போடலாம். அண்ணன் இப்ப ஒருத்தருக்கு டீ வாங்கிக் குடுத்தாக்கூட அவரு செலவுல ஏத்திப்போடறாங்க. கல்யாண ஊட்டுச் சோத்துக்கு எந்த ஆபீசரும் கணக்குக் கேக்க முடியாதுங்க” என்றான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, “எத்தன பேருக்குங்க?” என்று மட்டும் கேட்டேன். அவன் சிரித்தான்.

சாப்பாடு நான் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்கும் நன்கொடை. பைக்குள் வைப்பது அவர் செய்யும் செலவு. இரண்டுமே எந்தக் கணக்கிலும் வராது. அவர் தேர்தல் கணக்கைப் பார்த்தால் அதிகாரிகள் போட்டுக்கொடுத்த விலையில் டீயும் வடையும் ஒழுங்காக எழுதியிருக்கும். நம் ஜவ்வரிசி காயப்போடும் களத்தில் அத்தனை அண்டாவில் வெந்த ஆட்டுக்கறி மட்டும் இருக்காது. எம்.எல்.ஏ. படம் எங்கும் வைக்கவில்லை. உன்னுடைய படமும் அவளுடைய படமும்தான் நாலு ரோட்டிலும் நின்றன. உங்கள் கல்யாணப் பத்திரிகையை வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். முந்தின நாள் நீங்கள் இருவரும் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தீர்களே, அப்போதுதான் தேங்காய் மூட்டைக்கு அடியில் கவர்கள் வந்தன. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து அவற்றைப் பைகளில் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

நீ சந்தேகப்படாமல் இல்லை. பந்தி ஆரம்பித்ததுமே என்னிடம் வந்து, “யாரும்மா இவங்கெல்லாம்? ஒருத்தரையும் தெரியலையே” என்றாய். “நம்ம ஆளுகளுக்குச் சொந்தக்காரங்க சாமி” என்றேன். “மொய் எழுத ஒருத்தரையும் உக்கார வெக்கலியா?” என்றாய். நம் பக்கத்தில் மொய் எழுதாத விருந்து உண்டா? “வேண்டாம்னு சொல்லிப்போட்டேன், எல்லாம் ஏழபாழைங்க” என்றேன். உன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பக்கத்தில் நின்ற உன் நண்பனிடம் சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் அடுத்த பந்திக்கு இலை போடச் சொன்னேன்.

பிறகு வயதான ஓர் அம்மா வந்தார். கௌசல்யா கொடுத்த பையை வாங்கிக்கொண்டு போனவர், நாலடி தள்ளி நின்று உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “சாமி, எங்கூட்ல ஓட்டு நாலுங்க. நீங்க ஒரு பைதான் குடுத்துருக்கறீங்க” என்றார். கௌசல்யாவுக்கு விளங்கவில்லை. “என்னுங்க, ஓட்டுங்களா?” என்று கேட்டாள். “ஆமாங் கண்ணு. பத்திரிக குடுத்த பையன் ஓட்டுக்கு ஒரு பைன்னு சொன்னானுங்க. எம்பட மகனும் மருமகளும் தறியில இருக்கறாங்க, வர முடியலீங்க. அவுங்களுக்கும் சேத்துக் குடுத்துருங்க” என்றார் அவர். அவர்மேல் தப்பில்லை, சொன்னதை நம்பி வந்தவர். கௌசல்யா அடுத்த பையைத் திறந்து கவரைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைத் தேடினாள்.

அதற்குள் பறக்கும் படை ஜீப் களத்துக்குள் வந்துவிட்டது. அவர்கள் ஆள் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து முன்பிருந்தே படம் எடுத்திருக்கிறார். ஆபீசர் அவளிடம், “யாரும்மா உங்கள குடுக்கச் சொன்னது?” என்று கேட்டார். அவள் என்னைக் காட்டவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நானே முன்னால் வந்து சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் இரண்டு அடி தூரத்தில் குழம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒன்றியம்தான் குறுக்கே வந்து, “புதுப்பொண்ணு தாம்பூலம் குடுக்கறது எங்க வழக்கமுங்க சார்” என்றான். நானும் தலையாட்டினேன்.

அன்று மாலையே நீங்கள் ஓசூருக்குக் கிளம்பிவிட்டீர்கள். எம்.எல்.ஏ. போன் செய்தார். “அக்கா, நம்ம பேரு எங்கியும் வரப்படாது. புள்ளையும் மருமகளும் சொந்தக் காசுன்னு சொல்லிட்டாப் போதுமுங்க. டீச்சரம்மா வேலைக்கு நானு பொறுப்பு” என்றார். அவருடைய பொறுப்பு எப்படிப்பட்டது என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. தேர்தல் பயிற்சி வகுப்பிலிருந்து அவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படியும் நான் உனக்குப் போன் செய்து அவர் சொன்னதைத்தான் ஒப்பித்தேன். அவளுக்குத் தெரியுமா என்று நீ கேட்டபோது, தெரியும் என்று சொன்னால் நீ சீக்கிரம் ஒத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். அவள் மீது பாதிப் பழி போனால் என்மேல் பாதிதானே இருக்கும் என்றும் நினைத்தேன். இவ்வளவு கேவலமான கணக்கை என் மனது எப்படிப் போட்டது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டது நான்தான்.

முந்தாநாள் சம்பந்தியம்மா போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலே எழும்பவில்லை. “புள்ள சோறு திங்க மாட்டீங்குதுங்க. என்ன நடந்துச்சுன்னு கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டீங்குது. அத்தையவே கேளுங்கங்குது. நீங்களாச்சும் சொல்லுங்க சம்பந்தி” என்றார். பெற்ற தாயிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணு. என்னைக் காப்பாற்ற அவளுக்கு என்ன கடமை? நம் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை.

நேற்றுக் காலையில் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஓர் அம்மாதான் ஆபீசர். சாப்பாடு என் செலவு, பைக்குள் இருந்தது எம்.எல்.ஏ. தரப்புக் காசு, கொண்டுவந்தது யார், பையில் போட்டது யார், எல்லாவற்றையும் சொன்னேன். மகனுக்கும் மருமகளுக்கும் எதுவும் தெரியாது என்றேன். “உங்க மேல கேஸ் வருமுங்கம்மா, தெரியுங்களா?” என்று கேட்டார். “தெரியுங்க” என்றேன். எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். கூடவே, நான் சொன்னது மட்டும் போதாது, திங்கட்கிழமை நீங்கள் இருவரும் சொல்வதும் இதோடு ஒத்துப்போனால்தான் டீச்சருக்குத் தொந்தரவு இருக்காது என்றார். அதனால்தான் கெஞ்சுகிறேன். எனக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே.

சாயங்காலம் ஒன்றியம் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். “இப்படிப் பண்ணிப்போட்டீங்களேங்க்கா. தண்ணி நோட்டீசு மறுபடியும் வருமுங்க” என்றான். வரட்டும். அழுக்குத் தண்ணீரை விட்டது நாம்தானே. இன்று காலை தொட்டியைப் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். கீழ்காட்டுக்காரர் வீட்டுக்கும் போக வேண்டும். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. பேக்டரி மூடும்படி ஆனாலும் ஆகலாம். அதற்கு நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக நீ அவளைக் கேட்காமல் விட்டாயே, அது உன் தப்பு. அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று நம்பினாய். நம்பும்படி வளர்த்தவள் நான்தான், அதனால் முழுப் பழியும் உன்மேல் இல்லை. இனிமேல் அவளைப் பற்றி யார் எது சொன்னாலும், நானே சொன்னாலும், முதலில் அவளிடம் போய்க் கேள். வாசலில் வந்து உன்னை உறவு சொல்லிக் கூப்பிடுகிறவர்களிடமும் கொஞ்சம் கவனமாக இரு. ‘அக்கா’ என்ற ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். உன்னை ‘தம்பி’ என்பார்கள். கொடுக்க வேண்டியிருந்தால் கொடு, உன் அப்பாவைப் போல ரசீதைக் கேட்டு வாங்கு. சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேன். ஒன்றைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை, சட்டத்துக்கு அது தேவையும் இல்லை. முதல் பந்தி முடிந்து ஆட்கள் கை கழுவப் போன நேரம். கௌசல்யா ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். “அத்தை, மொதல் பைய நீங்கதான் குடுக்கோணும்” என்றாள். “நீயே குடு சாமி” என்றேன். அவள் விடவில்லை. “இல்லீங்க அத்தை. மாமா தவறுன வருசமே ஆயுத பூசைக்கு நீங்க உங்க கையாலதான் எல்லாருக்கும் வெத்தல பாக்கு குடுத்தீங்களாமா. சொந்தக்காரங்க தடுத்தும் கேக்கலியாமா. அவரு எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காரு தெரியுங்களா? நீங்க குடுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்” என்றாள். நீ சொல்லியிருக்கிறாய். அன்று தட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவன் நீதானே.

நான் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். “தாலி இல்லாதவ சாமி நானு. நான் குடுத்தா நல்லாருக்காது. நீ மகராசி, நீ குடு” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படி நெனைக்காதீங்க அத்தை” என்று என் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் விடவே இல்லை. பிறகு போய் ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்து, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாள். அந்த வீடியோவை மறுபடி பார், கண்ணு. அவள் கண் சிவந்திருப்பது தெரியும். அது எனக்காக அழுத கண். வெண்ணந்தூருக்குப் போனதும் வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் அவளிடம் இதைச் சொல்லிவிடு. “தாலி இல்லாதவள் கொடுக்கக் கூடாது என்ற வழக்கத்தில் உன் அத்தைக்கு அன்றைக்கும் நம்பிக்கை கிடையாது. பைக்குள் என்ன இருந்தது என்று அத்தைக்குத் தெரியும், அதனால்தான் தொடவில்லை.”